ஐந்து பிளேடு ஆசையும் பறக்கிற ப்ராப்பும்

பூச்சோங்கிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். பிரிட்டனின் பழைய போர் விமானமான ஸ்பிட்ஃபயரின் எஃப்.ஆர். 18 வகையை (மார்க் 18 என்றும் சொல்வோம்) 1/7 அளவில் ரேடியோவால் பறக்கவிடும் மாடலாகக் கட்டுகிறார். இறக்கை 63 அங்குலம், பேட்டரியோடு சேர்த்து எடை 4.2 கிலோ. 6எஸ் பேட்டரி (ஆறு செல்), 400 கே.வி. மோட்டார் (ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்தில் 400 சுற்று), 80 ஆம்பியர் இ.எஸ்.சி. (மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி). அசல் விமானத்தின் ப்ராப்பில், அதாவது மூக்கில் சுற்றும் ப்ரொப்பெல்லரில், ஐந்து பிளேடு என்பதால் தானும் ஐந்து பிளேடுதான் போட வேண்டும் என்று ஆசை. மாடல் பறக்கவிடும் திடலில் ஒருவர் 17×12 (17 அங்குல விட்டம், 12 அங்குல பிட்ச், அதாவது ஒரு சுற்றில் முன்னேறும் தூரம்) போடச் சொல்கிறார், இன்னொருவர் 15×8 போதும் என்கிறார், மோட்டாரோடு வந்த அட்டவணை 14×7 என்கிறது. ஐந்து பிளேடை 3டி பிரிண்டரில் அச்சடித்துப் பறக்கவிடலாமா என்பது கடைசிக் கேள்வி.

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன், காரணம் பின்னால் வரட்டும். பறப்பதற்கு 16×10, இரண்டு பிளேடு, எலெக்ட்ரிக் மோட்டாருக்கென்று செய்த வகை. கூடவே ஒரு 16×8, ஒரு 15×10 வாங்கி வையுங்கள். மூன்றையும் வாட்மீட்டரில் (மோட்டார் இழுக்கும் ஆம்பியரையும் வாட்டையும் காட்டும் கருவி) பார்த்த பிறகுதான் முடிவு. ஐந்து பிளேடும் செய்யுங்கள், ஆனால் அது விமானம் நிற்கும்போது மாட்டுவதற்கு.

ஏமாற்றமாக இருக்கும், தெரியும். பயிற்சி விமானம் பறக்கவிடுகிறவருக்கு இந்தத் தொந்தரவே இல்லை. ஸ்கேல் மாடல், அதாவது அசலை அப்படியே சுருக்கிய மாடல், கட்டுகிறவர் ரிவெட் எண்ணி ஒட்டுகிறார், பிறகு மூக்கில் ஒல்லியாக இரண்டு பிளேடு வைக்கச் சொன்னால் மனம் ஒப்பாது. அதிலும் நீங்கள் எடுத்திருப்பது நம் ஊரோடு சம்பந்தப்பட்ட விமானம். 1948ல் மலாயாவில் கம்யூனிஸ்ட் கிளர்ச்சிக்கு எதிரான அவசரகாலம் தொடங்கியபோது, பிரிட்டிஷ் விமானப்படையான ஆர்.ஏ.எஃப்.பின் 60ஆம் ஸ்குவாட்ரனின் ஸ்பிட்ஃபயர் 18கள் கோலாலம்பூரிலிருந்தே புறப்பட்டுப் போயிருக்கின்றன. அதே ஸ்குவாட்ரன்தான் 1951 ஜனவரி 1 அன்று ஆர்.ஏ.எஃப். ஸ்பிட்ஃபயரின் கடைசித் தாக்குதல் பயணத்தையும் மலாயாவில் செய்தது. அந்த நிறத்தில் கட்டிவிட்டு மூக்கை மட்டும் பொய்யாக்குவானேன் என்று தோன்றுவது நியாயம்தான். ஆனால் கணக்கைப் பாருங்கள்.

அசலின் ஐந்து பிளேடு ரோட்டால் நிறுவன ப்ராப் ஏறத்தாழ பத்தரை அடி விட்டம். ஏழால் வகுத்தால் 18 அங்குலம். ப்ராப் ஒன்று கேட்கும் சக்தி விட்டத்தின் நான்காம் மடியாகவும், சுற்றின் மூன்றாம் மடியாகவும், பிட்ச்சோடு நேராகவும் ஏறும். 16லிருந்து 18க்குப் போனால் அதே சுற்றில் 1.6 மடங்கு சக்தி வேண்டும். இரண்டு பிளேடு ஐந்தாகும்போது தோராயமாக இன்னும் இரு மடங்குக்கு மேல். இரண்டையும் பெருக்கினால் மூன்றரை மடங்கு. உங்கள் மோட்டார் அதைச் சுற்ற முயலும், ஆம்பியர் எகிறும், முதலில் இ.எஸ்.சி. புகையும், அல்லது மோட்டாரின் காந்தம் சூட்டில் பலம் இழக்கும்.

சுற்றைக் குறைத்தால் சக்தி அடங்கும், சரி. இந்த மோட்டாரில் 16×10 ப்ராப் நிமிடத்துக்கு 6,700 சுற்று ஓடும் (கணக்கு பின்னால்), அதை 4,400க்கு இறக்கினால் கணக்கு சரியாகிவிடும். ஆனால் சுற்று குறைந்தால் வேகமும் குறையும், அதை ஈடுகட்ட பிட்ச்சை 15 அங்குலத்துக்கு ஏற்ற வேண்டும். ஏற்றினால் சக்தி மறுபடி ஒன்றரை மடங்கு. அதற்குச் சுற்றை இன்னும் இறக்க வேண்டும். இப்படி ஒன்றையொன்று துரத்திக்கொண்டே போய், கடைசியில் 200, 220 கே.வி. உள்ள பெரிய மோட்டாரில் வந்து நிற்கும். உண்மையான அளவிலேயே பல பிளேடு போட்டுப் பறக்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் ப்ராப்பை முதலில் முடிவு செய்துவிட்டு அதற்கு மோட்டார் தேடுகிறவர்கள். உங்கள் கையில் ஏற்கெனவே 400 கே.வி. இருக்கிறது.

அப்படியே இந்த மோட்டாருக்கு ஏற்ற ஐந்து பிளேடு பார்த்தால் 13 அங்குலத்துக்கு மேல் தாங்காது. இரண்டு பிளேடு 16க்குச் சமம் மூன்று பிளேடு 15, நான்கு பிளேடு 14, ஐந்து பிளேடு 13 என்று, பிட்ச்சை மாற்றாமல் பிளேடுக்கு ஓர் அங்குலம் குறைப்பது கைக்கணக்கு. ஸ்பிட்ஃபயரின் நீண்ட மூக்கில் 13 அங்குல ஐந்து பிளேடு இருந்தால் மேசை விசிறி மாட்டியது போலிருக்கும். பறக்கும்போது பிளேடு எத்தனை என்று எவர் கண்ணுக்கும் தெரியப் போவதில்லை, தெரிவது வட்டம்தான். அந்த வட்டம் 13ஐவிட 16ல்தான் அசலுக்குப் பக்கத்தில் இருக்கும். ஸ்கேல் விசுவாசம் என்று பார்த்தாலும் இரண்டு பிளேடுதான் ஜெயிக்கிறது.

இனி அந்த 16 எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்கிறேன். மோட்டாரிலிருந்து வரவில்லை, தரையிலிருந்து வந்தது.

வாலைத் தூக்கி, விமானம் நேராகப் பறக்கும் நிலையில் ஒரு மேசைமேல் முட்டுக் கொடுத்து நிறுத்துங்கள். சக்கரம் தரையைத் தொட வேண்டும். இப்போது மோட்டார் தண்டின் நடுவிலிருந்து தரைக்கு அளவெடுங்கள். 1/7 ஸ்பிட்ஃபயருக்கு 10 அங்குலத்தை ஒட்டி வரும். புறப்படும்போது வால் எழும்புகிற அந்தச் சில விநாடிகளில்தான் ப்ராப் நுனி தரைக்கு மிக அருகில் போகும், அதனால் வால் இறங்கி மூன்று சக்கரமும் தரையில் பட நிற்கும்போது அளப்பதில் பயன் இல்லை. தார்ச்சாலை என்றால் ஓர் அங்குலம் இடைவெளி போதும். நம் திடல்களில் மாட்டுப்புல்தான், மழை பெய்து ஒரு வாரம் வெட்டாமல் விட்டால் கணுக்கால் வரை ஏறிவிடும். அதனால் ஒன்றரை முதல் 2 அங்குலம் விடுங்கள். மிச்சம் 8, அதிகம் போனால் எட்டரை. இரண்டால் பெருக்கினால் 16, 17. பாதுகாப்பாக 16. தரையில் அளந்தால் உங்களுக்கு வேறு எண் வருகிறது என்றால் அதையே நம்புங்கள், என் எண்ணை அல்ல.

விட்டம் எவ்வளவு பெரிதாக முடியுமோ அவ்வளவு நல்லது என்பது என் கட்சி. பெரிய ப்ராப் நிறையக் காற்றை மெதுவாகத் தள்ளும். சிறியது கொஞ்சம் காற்றை வேகமாகத் தள்ளும். இழுவிசை ஒன்றாக இருந்தாலும் பேட்டரி செலவில் பெரியதுதான் சிக்கனம். சத்தமும் குறைவு. 16 அங்குலம் 6,700 சுற்றில் ஓடும்போது நுனி வேகம் விநாடிக்கு 143 மீட்டர்தான், ஒலி வேகத்தில் பாதிகூட இல்லை. திடலைச் சுற்றித் தாமான் வீடுகள் நெருங்கிவிட்ட இந்தக் காலத்தில் இது சின்ன விஷயம் இல்லை. சத்தம் வந்தால் புகார் வரும், புகார் வந்தால் திடல் போகும்.

அடுத்தது பிட்ச். ப்ராப்பில் 10 என்று போட்டிருந்தால், ஒரு சுற்றில் வழுக்காமல் போனால் 10 அங்குலம் முன்னேறும் என்று அர்த்தம். கெந்திங் ஏற்றத்தில் காடியை எந்த கியரில் ஓட்டுவது என்கிற மாதிரியான கேள்வி இது: சின்ன பிட்ச் ஏறும், ஓடாது, பெரிய பிட்ச் ஓடும், ஏறுவதற்குத் திணறும். சுற்றை பிட்ச்சால் பெருக்கி 656ஆல் வகுத்தால் மணிக்கு இத்தனை கிலோமீட்டர் என்று வரும். 6,700 சுற்று, 10 பிட்ச்: 102 கி.மீ.

102 போதுமா? இதற்கு விமானத்தைத்தான் கேட்க வேண்டும். அசல் ஸ்பிட்ஃபயரின் இறக்கைப் பரப்பு 242 சதுர அடி. 49ஆல் வகுத்தால் உங்களுடையது ஏறத்தாழ 5 சதுர அடி. அதன்மேல் 4.2 கிலோ என்றால் லேசான விமானம் இல்லை. அது ஸ்டால் ஆகும் வேகம், அதாவது இறக்கை தூக்கும் பலத்தை இழக்கும் வேகம், மணிக்கு 40 கி.மீ.யை ஒட்டி வரும். ப்ராப் தரும் வேகம் ஸ்டால் வேகத்தைப்போல இரண்டு முதல் இரண்டரை மடங்கு இருக்க வேண்டும் என்பது பொது விதி. பைப்பர் கப் போன்ற சாதுவான விமானத்துக்கு இரண்டு மடங்கு போதும். போர் விமானத்துக்கு இரண்டரை வேண்டும், இல்லாவிட்டால் லூப் போடும்போது உச்சியில் காற்றில் தொங்கி நிற்கும். 40ஐ இரண்டரையால் பெருக்கினால் 100. சரியாகப் பொருந்துகிறது. இன்னொரு வேடிக்கை: அசல் மார்க் 18 மணிக்கு 700 கி.மீ.யைத் தாண்டிப் பறந்தது. அதை ஏழால் வகுத்தாலும் 100தான். கண்ணுக்கு அளவான வேகமும் அதுவே.

அந்த 6,700 சுற்று எப்படி வந்தது? 6எஸ் பேட்டரி முழுச் சார்ஜில் 25.2 வோல்ட், பெயரளவில் 22.2, சுமை ஏறினால் 21 பக்கம் நிற்கும். 21ஐ 400ஆல் பெருக்கினால் 8,400. அது ப்ராப் இல்லாமல் சும்மா சுற்றும் கணக்கு. சரியான ப்ராப் மாட்டினால் அதில் சுமார் 80 விழுக்காடு கிடைக்கும். 16×10 அந்தச் சுற்றில் பேட்டரியிலிருந்து ஆயிரம் வாட்டை ஒட்டி இழுக்கும், அதாவது 48 ஆம்பியர் அளவு. கிலோவுக்கு 240 வாட். ஸ்கேல் போர் விமானத்துக்கு அது தாராளம். நிற்கும்போது இழுவிசை 3.8 கிலோ பக்கம் இருக்கும், உங்கள் எடையில் பத்தில் ஒன்பது பங்கு. செங்குத்தாகத் தொங்காது, தொங்க வேண்டிய அவசியமும் ஸ்பிட்ஃபயருக்கு இல்லை.

இதை வைத்துக்கொண்டு உங்களுக்குக் கிடைத்த மூன்று ஆலோசனைகளையும் பாருங்கள்.

14×7 தவறான அட்டவணை என்று சொல்ல மாட்டேன். மோட்டார் விற்பவர் தன் மோட்டார் சூடாகித் திரும்பி வராமல் இருந்தால் போதும் என்று பார்ப்பார், அவர் கவலை அது. உங்கள் விமானத்தில் அதை மாட்டினால் சுற்று ஏழாயிரத்தைத் தாண்டி அழகாகப் பாடும், வாட் பாதிதான் வரும், வேகம் 80 கி.மீ. நீண்ட தார் ஓடுபாதை இருந்தால் பறக்கும். புல்லில் ஓடி ஓடி வேலியைத்தான் பார்க்கும்.

15×8 மோசமில்லை. அதைச் சொன்னவர் ஸ்போர்ட் விமானப் பழக்கத்தில் சொல்லியிருப்பார். ஏறக்குறைய 87 கி.மீ. வரும், பேட்டரி கூடுதல் நேரம் தாங்கும். முதல் பறப்புக்கு அதை மாட்டினாலும் குற்றமில்லை. ஆனால் அந்த எடைக்குச் சற்றே சோம்பல்.

17×12 சொன்னவரோடுதான் எனக்குச் சண்டை. விட்டத்தில் ஓர் அங்குலம் ஏற்றுவதும் பிட்ச்சில் ஓர் அங்குலம் ஏற்றுவதும் ஒன்று என்று பலர் நினைக்கிறார்கள். 16லிருந்து 17க்குப் போனால் அதே சுற்றில் சுமை 27 விழுக்காடு ஏறும். பிட்ச் 10லிருந்து 11க்குப் போனால் 10 விழுக்காடுதான். 17×12 இரண்டையும் சேர்த்து ஏற்றுகிறது. 60 ஆம்பியர் பக்கம் போகும். உங்கள் 80 ஆம்பியர் இ.எஸ்.சி. காகிதத்தில் தாங்கும், ஆனால் மூடிய கௌலிங்குக்குள் (மூக்கில் மோட்டாரை மூடும் உறை) நம் ஊர் மதிய வெயிலில் தாங்குமா என்பது வேறு கேள்வி. தரை இடைவெளியும் போய்விடும். பிட்ச்சை விட்டத்தால் வகுத்து வரும் எண்ணையும் பாருங்கள்: 16×10க்கு 0.63, 17×12க்கு 0.7. அந்த எண் 0.7, 0.8 என்று ஏற ஏற, விமானம் நிற்கும்போது பிளேடின் பெரும்பகுதி ஸ்டால் ஆகியே சுற்றும். சத்தம் வரும், ஆம்பியர் போகும், இழுப்பு வராது. கையால் எறியும் வேக விமானத்துக்கு அது பரவாயில்லை. புல்லிலிருந்து ஓடி எழும்ப வேண்டிய விமானத்துக்கு அந்த முதல் இருபது மீட்டரில் இழுப்பு இருந்தாக வேண்டும்.

வெயிலைப் பற்றிச் சொன்னேன். வெளிநாட்டு அட்டவணைகள் பெரும்பாலும் 15 டிகிரிக் காற்றை மனதில் வைத்துப் போடப்பட்டவை. இங்கே 32 டிகிரி, அதோடு ஈரப்பதம். காற்றின் அடர்த்தி ஆறேழு விழுக்காடு குறைவு. அதே சுற்றில் இழுவிசையும் அந்த அளவு குறையும். ப்ராப்பின் சுமையும் குறைவதால் மோட்டாருக்குக் கொஞ்சம் சுலபம்தான். ஆனால் குளிர்விக்க வரும் காற்றே சூடு என்பதால் இ.எஸ்.சி.க்கு அந்தச் சலுகை இல்லை. 50 ஆம்பியருக்கு 80 ஆம்பியர் இ.எஸ்.சி. வைத்தது நல்ல புத்தி, அதை 17×12க்குத் தின்னக் கொடுக்காதீர்கள். கௌலிங்கில் காற்று நுழையும் வழியைவிட வெளியேறும் வழி பெரிதாக இருக்க வேண்டும், இரு மடங்கு வரை. ஸ்பிட்ஃபயரின் வயிற்றுப் பக்கம் பின்னால் ஒரு துளை வெட்டினால் யார் கண்ணுக்கும் படாது.

கணக்கெல்லாம் வாசல் வரைதான் கொண்டு போகும். வாட்மீட்டர் இல்லாமல் ப்ராப் தேர்வு செய்யாதீர்கள். புடுவில் ஜாலான் பசார் பக்கம் போனால் எலெக்ட்ரானிக் கடைகளில் கனெக்டர், வயர் எல்லாம் சேர்த்து வாங்கிவிடலாம், ஆன்லைனிலும் கிடைக்கும். பேட்டரியை முழுச் சார்ஜ் செய்து, விமானத்தை வால் பக்கம் கட்டி, ஓர் ஆள் பிடித்துக்கொள்ள, முழு த்ராட்டில், அதாவது முழு வேகம், பத்து விநாடி மட்டும். ஆம்பியரை எழுதிக்கொள்ளுங்கள். பறக்கும்போது ப்ராப்பின் சுமை குறையும், ஆம்பியர் பத்து இருபது விழுக்காடு இறங்கும். அதனால் தரையில் வரும் எண்தான் மோசமான எண். அது மோட்டார் தொடர்ந்து தாங்கும் எல்லைக்குக் கீழே, இ.எஸ்.சி. எல்லையில் எழுபது விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் நிம்மதி. 16×10 எதிர்பார்த்ததைவிட அதிகம் இழுத்தால் 15×10க்கு இறங்குங்கள். வேகம் அப்படியே இருக்கும், சுமை குறையும். புறப்பாடு திணறினால் 16×8. அதற்குத்தான் மூன்று வாங்கச் சொன்னேன். நீங்கள் போட்டிருக்கிற பெயிண்டைவிட மூன்று ப்ராப் மலிவு.

சுழலும் திசை என்று ஒரு கேள்வியை நீங்கள் கேட்கவில்லை, ஆனால் மார்க் 18 என்றால் அது வரும். பழைய ஸ்பிட்ஃபயர்களின் மெர்லின் எஞ்சின் விமானி இருக்கையிலிருந்து பார்த்தால் கடிகாரத் திசையில் சுற்றும். மார்க் 18ல் உள்ள கிரிஃபன் அதற்கு எதிர்த்திசை. மெர்லினில் பழகிவிட்டு கிரிஃபனுக்கு வந்த விமானிகள் புறப்படும்போது மூக்கு வழக்கத்துக்கு மாறாக வலப்பக்கம் இழுப்பதைச் சமாளிக்க வேண்டியிருந்தது. உங்கள் மாடலில் மூன்று வயரில் இரண்டை மாற்றிப் போட்டால் மோட்டார் எதிர்த்திசையில் சுற்றும், எதிர்த்திசைக்கென்று முறுக்கிய புஷர் வகை ப்ராப் மாட்டினால் அசலைப் போலவே இருக்கும். செய்ய முடியும் என்பதற்காகச் செய்ய வேண்டுமா? வேண்டாம் என்பது என் எண்ணம். மோட்டார் மாட்டும் பலகை பெரும்பாலும் வலப்பக்கம் ஓரிரு டிகிரி சாய்த்தே வைக்கப்பட்டிருக்கும், வழக்கமான சுழற்சிக்கு ஈடாக. திசையை மாற்றினால் அந்தச் சாய்வே எதிரியாகிவிடும், பலகையைக் கழற்றி இடப்பக்கம் சாய்க்க வேண்டும். இன்னொன்று, வழக்கமான திசையில் த்ராட்டில் கொடுக்கும்போது ப்ராப் பின்தங்கி நட்டை இறுக்கும். எதிர்த்திசையில் அதே உதறல் நட்டைத் தளர்த்தும். புஷர் வகையில் 16 அங்குல அளவு தேடிப்பிடிப்பதும் சுலபமல்ல. பறக்கிற ப்ராப் வழக்கமான திசையிலேயே இருக்கட்டும். காட்சிக்கு வைக்கும் ஐந்து பிளேடை மட்டும் சரியான திசையில் முறுக்கி வையுங்கள். நிற்கிற விமானத்தில்தான் பிளேடின் முறுக்கு தெரியும்.

எந்த வழியில் சுற்றினாலும் புறப்படும்போது த்ராட்டிலை மெதுவாக ஏற்றுங்கள். 16 அங்குலத்தை ஒரே அடியாகத் திறந்தால் மூக்கு இடப்பக்கம் (எதிர்த்திசை என்றால் வலப்பக்கம்) பாயும், ஸ்பிட்ஃபயரின் குறுகலான சக்கர இடைவெளி அதை மன்னிக்காது. இறங்கும்போது த்ராட்டிலை முழுதாக மூடவும் வேண்டாம். சும்மா சுற்றும் பெரிய ப்ராப் நல்ல பிரேக், கனமான விமானம் திடல் எல்லைக்கு முன்பே கீழே வந்துவிடும்.

வகை பற்றி. ஏ.பி.சி. என்ற ப்ராப் பிராண்டில் எலெக்ட்ரிக் வகைக்கு அளவோடு ஈ என்ற எழுத்து சேர்ந்திருக்கும். அதன் பிளேடு மெல்லியது, எஞ்சினின் அதிர்வுக்குச் செய்யப்பட்டதல்ல. பிறகு ஒருநாள் 20 சி.சி. பெட்ரோல் எஞ்சினுக்கு மாறினால் (அந்த அளவுக்கு 16×8, 17×6 போல வரும்) இந்த ப்ராப்பைக் கொண்டுபோய் அதில் மாட்டாதீர்கள். அதேபோல் மெதுவாகப் பறக்கும் விமானங்களுக்கென்று விற்கும் ஸ்லோ ஃப்ளையர் வகையும் வேண்டாம். அதன் சுற்று எல்லை 65,000ஐ அங்குலத்தால் வகுத்தது, 11 அங்குலத்துக்கே ஆறாயிரம்கூட இல்லை. எலெக்ட்ரிக் வகைக்கு 1,45,000ஐ வகுத்துக்கொள்ளலாம், 16க்கு ஒன்பதாயிரம் வரும், உங்கள் 6,700 அதற்குள் அடங்கும்.

மரம் பிடிக்கும் என்றால் தாராளமாக மரம் போடுங்கள். விறைப்பாக இருக்கும், மூக்கு குத்தினால் தானே உடைந்து மோட்டார் தண்டைக் காப்பாற்றும். ஸ்கேல் விமானத்தில் மரம்தான் அழகும். நம் ஊர் ஈரக்காற்றில் ஸ்டோரில் கிடந்த மர ப்ராப்பின் சமநிலை மாறியிருக்கும் என்பதை மட்டும் மறக்காமல், மாட்டுவதற்கு முன் மறுபடி பாருங்கள். பிரபல ப்ராப்பைப் பார்த்து வார்த்த மலிவு நகல்களும் ஆன்லைனில் நிறைய. கையில் எடுத்து நுனியை முறுக்கிப் பாருங்கள். எளிதாக முறுகினால் சுற்றும்போதும் முறுகும், அப்போது 10 பிட்ச் எத்தனை பிட்சாக ஓடும் என்பதற்குக் கணக்கே கிடையாது.

வாங்கிய ப்ராப்பை அப்படியே மாட்டாதீர்கள். வார்ப்பில் வந்த ப்ராப்பின் ஓரத்தில் கட்டைவிரலை மெதுவாக ஓட்டினால் கத்தி போலக் கீறும், வார்ப்பு மிச்சம் அது. நீர்த்தாளால் தேய்த்து எடுங்கள். பிறகு பேலன்சரில் (சமநிலை பார்க்கும் தாங்கி) வைத்து, கீழே இறங்குகிற பிளேடின் பின்பக்கத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்துச் சமன் செய்யுங்கள். நுனியை வெட்டிச் சமன் செய்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன், அது வேண்டாம். பிளேடு கிடையாக நின்றால் மட்டும் போதாது, செங்குத்தாக நிறுத்தினாலும் நிற்க வேண்டும். செங்குத்தில் நிற்காமல் சாய்ந்தால் கோளாறு ஹப்பில், அதாவது பிளேடுகள் சேரும் நடுப்பகுதியில். நடுத் துளை சிறிதென்றால் ரீமர் (துளையைச் சீராக அகலமாக்கும் கருவி) போடுங்கள், கைத்துரப்பணம் வேண்டாம். அளவு எழுதிய பக்கம் முன்னால் பார்க்க வேண்டும். ஸ்பின்னரில் (ப்ராப்பின் நடுவை மூடும் கூம்பு) பிளேடுக்காக வெட்டும் இடுக்கு பிளேடை எங்கும் தொடக் கூடாது, தொட்டால் அந்த இடத்திலிருந்துதான் விரிசல் தொடங்கும். நுனியில் மஞ்சள் அடிப்பீர்கள், அசலில் 4 அங்குலம், உங்களுக்கு அரை அங்குலத்துக்குச் சற்று மேல். அடித்துக் காய்ந்த பிறகு மறுபடி பேலன்சர். ரேடியோவில் எதையாவது மாற்றும்போது ப்ராப்பைக் கழற்றி வைத்துவிட்டு மாற்றுங்கள். சோதனை ஓட்டத்தின்போது ப்ராப்பின் பக்கவாட்டில் ஒருவரும் நிற்கக் கூடாது, பிளேடு பிய்ந்தால் அந்தப் பக்கம்தான் போகும்.

பிய்ந்தால் என்ன ஆகும் என்பதிலேயே 3டி பிரிண்ட் கேள்விக்கும் பதில் இருக்கிறது. ஒரு பிளேடின் எடை 20 கிராம், அதன் எடை மையம் நடுவிலிருந்து 8 செ.மீ. தள்ளி என்று வையுங்கள். 6,700 சுற்றில் அது தன் வேரை இழுக்கும் விசை ஏறத்தாழ 80 கிலோ. வளர்ந்த ஆள் ஒருவர் அந்தப் பிளேடில் தொங்குவதற்குச் சமம், அதோடு ஒவ்வொரு சுற்றிலும் அதிர்வும் வளைவும். அச்சில் அடுக்கடுக்காக ஒட்டிய பிளாஸ்டிக், அடுக்குகளுக்கு நடுவில்தான் பலவீனம். பறக்கவிடக் கூடாது, மோட்டாரில் மாட்டி ஒரு விநாடி சுற்றிப் பார்க்கவும் கூடாது. காட்சி ப்ராப்பை மாட்டும்போது பேட்டரி விமானத்துக்கு வெளியே இருக்கட்டும்.

காட்சிக்கு என்றால் தாராளமாக அச்சடியுங்கள். 18 அங்குலம் முழு அளவில், ஐந்து பிளேடும் தனித்தனியாக அடித்து ஸ்பின்னரில் செருகும்படி செய்தால் சின்ன பிரிண்டரே போதும். மெர்லின் ஸ்பிட்ஃபயருக்கான கோப்பை வைத்து அடிப்பதானால் மென்பொருளில் கண்ணாடி பிம்பமாகத் திருப்பிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் முறுக்கு தவறான பக்கம் போகும். பி.எல்.ஏ. என்ற பிளாஸ்டிக் இழை வேண்டாம். 60 டிகிரியிலேயே இளகும், வெயிலில் நிறுத்திய காடிக்குள் அந்தச் சூடு சாதாரணம், திடலுக்குப் போய்ச் சேர்வதற்குள் ஐந்து பிளேடும் ஐந்து பக்கம் வளைந்திருக்கும். பி.இ.டி.ஜி. அல்லது ஏ.எஸ்.ஏ. இழையில் அடியுங்கள்.